பணம் கேட்டு வரும் தாள்: போலிப் பட்டியலின் இந்திய வரலாறு

உத்தரப் பிரதேசத்தின் மதுபன் என்னும் ஊரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு செப்பேடு கிடைத்தது. ஹர்ஷவர்த்தனரின் 25ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 630–31 அளவில் பொறிக்கப்பட்டது அது. சிராவஸ்தி புக்தியில், குண்டதானி விஷயத்தில் இருந்த சோமகுண்டகம் என்ற சிற்றூரை இருவருக்குத் தானமாக அளிக்கும் ஆணை. தானச் செப்பேடுகள் இந்நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுள் இதனைத் தனித்து நிறுத்துவது இதன் நடுவில் வரும் ஒரு செய்தி. அந்த ஊரை அதுவரை வாமரத்யர் என்னும் பிராமணர் ஒருவர் அனுபவித்து வந்தார். அவருடைய உரிமைக்கு ஆதாரமாக இருந்தது ஒரு 'கூடசாசனம்'. ஆகவே அந்தப் பட்டயத்தை முறித்து, ஊரை அவரிடமிருந்து மீட்டு, வேறு இருவருக்கு வழங்குவதாகப் பேரரசர் அறிவிக்கிறார்.

'கூட' என்ற வடசொல்லுக்கு வஞ்சகமான, பொய்யான என்பது பொருள். கூடசாட்சி பொய்ச்சாட்சி, கூடதுலை கள்ளத் தராசு, கூடரூபம் கள்ள நாணயம். கூடசாசனம் என்பது அரசன் எழுதாத அரச ஆணை. வாமரத்யருடைய கையில் வாள் இல்லை, படை இல்லை. அரச ஆணைகள் எந்த உருவில் வருமோ அந்த உருவில் ஒரு செப்பேடு இருந்தது. அதைக் கண்டு ஊர் தன் வரியையும் விளைச்சற்பங்கையும் அவருக்குச் செலுத்திவந்தது. யாருக்குச் செலுத்த வேண்டும் என்பதை உருவமே தீர்மானித்துவிட்டது.

இன்றைக்கு அலுவலகங்களின் மின்னஞ்சல் பெட்டிகளில் வந்து விழும் போலி இன்வாய்ஸ்களின் வரலாற்றை அந்தச் செப்பேட்டிலிருந்து தொடங்குவது மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் செயல்முறை ஒன்றே. பணம் கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது; கொடுக்க வேண்டியவரும் அதை மறுக்கவில்லை; எந்தத் தாளைக் கண்டதும் கொடுப்பாரோ அந்தத் தாளை மட்டும் ஒருவர் செய்துகொள்கிறார். பூட்டை உடைப்பவருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இவருக்குக் கதவைத் திறந்துவிடுபவர் வீட்டுக்காரரே.

சொற்களிலேயே இந்தச் சிக்கலின் தடம் இருக்கிறது. நாம் அன்றாடம் வழங்கும் 'பில்' என்ற சொல் ஆங்கிலத்தின் வழியாக இலத்தீனின் 'புல்லா'வுக்குப் போகிறது. புல்லா என்றால் முத்திரை. முத்திரையிட்ட தாள் என்பதே பில்லின் முதற்பொருள். 'இன்வாய்ஸ்' பிரெஞ்சில் அனுப்புதல் என்ற வினையிலிருந்து பிறந்தது: அனுப்பிய பொருள்களின் பட்டியல். இந்தியில் இதற்கு 'பீஜக்' என்று பெயர். கபீரின் தொகுப்புக்கும் அதே பெயர்தான். புதையல் இருக்குமிடம் குறித்த ஓலைக்கும் அச்சொல் வழங்கியிருக்கிறது. 'ரசீது' பாரசீகத்தில் 'வந்து சேர்ந்தது' என்னும் முற்றுவினை. ஆக, முத்திரை, அனுப்பியது, வந்து சேர்ந்தது ஆகிய மூன்று உறுதிமொழிகளின் மேல் வணிகம் நின்றது. மின்னஞ்சலில் வரும் பில்லில் முத்திரை இல்லை. பொருள் அனுப்பப்பட்டதா என்பது வேறு துறைக்குத்தான் தெரியும். பணம் வந்து சேர்ந்ததா என்பதை உரியவர் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. பெயர்கள் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டன.

பழைய இந்திய வணிகர்கள் தாளை நம்பினார்களா என்றால், அரைகுறையாகத்தான் நம்பினார்கள். அவர்களுடைய பணப் பரிமாற்றக் கருவி உண்டியல். இன்று கோயில் காணிக்கைப் பெட்டியைக் குறிக்கும் இந்தத் தமிழ்ச்சொல், வட இந்தியாவில் 'ஹுண்டி' என வழங்கும் பணமாற்று ஓலையையும் குறித்தது. சூரத்தில் பணம் செலுத்தி, ஆக்ராவில் பெற்றுக்கொள்ள உதவும் தாள் அது. 17ஆம் நூற்றாண்டில் இந்நாட்டில் பயணம் செய்த பிரெஞ்சு வணிகர் தவர்னியே, சராப் ஒருவர் இல்லாத ஊரென்றால் அது மிகச் சிற்றூராகத்தான் இருக்கும் என்ற பொருள்படக் குறித்திருக்கிறார். அந்தச் சராப்புகளின் கையெழுத்தில் நாடு முழுவதும் பணம் ஓடிற்று. அவ்வளவு பணம் தாளில் ஓடும்போது திருட்டு இல்லாமல் இருக்குமா? அதனால் உண்டியலின் உடம்பிலேயே காவல் வைத்தார்கள்.

முதற்காவல் இலக்கணத்தில் இருந்தது. ஆயிரம் ரூபாய்க்கு உண்டியல் எழுதினால், ஆயிரம் என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதியதோடு விடமாட்டார்கள். 'இதன் பாதி ஐந்நூறு, அதன் இருமடங்கு முழுவதும் கொடுக்க' என்ற வாய்பாடும் சேரும். ஆயிரத்தை ஒன்பதாயிரமாகத் திருத்த நினைப்பவர் தொகையை மட்டும் திருத்தினால் போதாது; பாதியையும் திருத்த வேண்டும், எழுத்தையும் திருத்த வேண்டும். இன்றைய கணினி மொழியில் சரிபார்ப்பு இலக்கம் என்று சொல்லப்படுவதை ஒரு வாக்கியத்தால் செய்தார்கள்.

இரண்டாம் காவல் ஆளிடம் இருந்தது. உண்டியலில் பலவகை உண்டு. அவற்றுள் 'ஷாஹ் ஜோக்' என்னும் வகையே இங்கே முக்கியம். அதன் பணத்தைக் கடைவீதியில் அறியப்பட்ட ஒரு மதிப்புள்ள வணிகருக்கு, அதாவது ஒரு 'ஷாஹ்' என்பவருக்கு மட்டுமே கொடுக்கலாம். தாளைக் கொண்டுவந்தவர் யாராயினும், அவர் அந்தத் தகுதியுடைய ஒருவர் வழியாகத்தான் பணத்தைப் பெற முடியும். பின்னால் அந்த உண்டியல் திருட்டு என்றோ போலி என்றோ தெரியவந்தால், பெற்ற ஷாஹ் பணத்தைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். தவறு நேர்ந்தால் முகம் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்பார் என்ற ஏற்பாடு இது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இந்திய மொழிகளில் எழுதப்பட்ட இத்தகைய ஆவணங்களின் உள்ளூர் வழக்கத்தைத் தொடாமல் விட்டதற்கும் காரணம் உண்டு: வழக்கத்தின் உள்ளே அவ்வளவு நுணுக்கம் இருந்தது.

மூன்றாவது காவல்தான் மிகவும் எளியது. இன்றைக்கு மிகவும் தேவைப்படுவதும் அதுவே. உண்டியல் எழுதியவர், பணம் கொடுக்க வேண்டிய கடைக்கு, இன்ன தொகைக்கு இன்ன நாளில் ஓர் உண்டியல் வரும் என்று தனியாக ஒரு கடிதம் அனுப்புவார். தாள் ஒரு வழியில் வரும். தாளைப் பற்றிய செய்தி வேறொரு வழியில் வரும். இரண்டும் பொருந்தினால் பணம்.

இந்த 'வேறொரு வழி' என்னும் எண்ணம் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. பெரியபுராணத்தில் சுந்தரரைத் தம் அடிமை என்று சொல்லி முதியவர் நீட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலை, மூலஓலை வேறு என்று முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூலத்தை எடுத்து வைக்கிறார். அவையினர் ஓலையைப் படித்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஆவணத்தைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு கையெழுத்துகளையும் ஒப்பிட்ட பின்னரே ஒப்புகின்றனர். வழக்காடுபவர் கொண்டுவந்த ஓலையை, அவர் கொண்டுவராத ஓலையோடு ஒப்பிடுவது என்னும் அந்த ஒரு செயலில், 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் அறிந்த ஆவணச் சரிபார்ப்பு முறை முழுவதும் அடங்கிவிடுகிறது.

மகாஜனி எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட இந்திய வணிகர்கள் கணக்குக்குப் பயன்படுத்திய அந்த எழுத்தில் உயிர்க்குறிகள் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். அதைப் பற்றி மொழியியலில் நெடுங்காலமாக வழங்கும் கதை ஒன்று உண்டு. 'முதலாளி அஜ்மீர் போயிருக்கிறார், பெரிய பேரேட்டை அனுப்பவும்' என்று குமாஸ்தா எழுதிய கடிதத்தை வீட்டார், 'முதலாளி இன்று இறந்துவிட்டார், மூத்த மருமகளை அனுப்பவும்' என்று படித்தார்களாம். அஜ்மீரும் ஆஜ் மர்-உம், பஹியும் பஹூவும் அந்த எழுத்தில் ஒரே தோற்றம். கதை உண்மையோ பொய்யோ, எழுத்து ஒன்று பிறழ்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அதைவிட இலேசான எடுத்துக்காட்டு கிடையாது. கனமான எடுத்துக்காட்டு 2015இல் வந்தது.

அந்த ஆண்டு, பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. சவூதி அராம்கோவுக்கு நாப்தா விற்றது. சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை. கேட்டபோது, நீங்கள் அனுப்பிய புதிய வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டோமே என்று வாங்கியவர் தரப்பிலிருந்து பதில் வந்தது. இரு தரப்புக்கும் நடுவே ஒருவர் புகுந்து, நிறுவன அதிகாரியின் முகவரியைப் போலவே ஒரு முகவரியை உருவாக்கி, கணக்கு எண் மாறிவிட்டதாக எழுதியிருந்தார். உண்மை முகவரியின் களப்பெயரில் எழுத்துகள் ஓ, என், ஜி, சி என்ற வரிசையில் இருந்தன. போலியில் ஓ, ஜி, என், சி. ரூ.197 கோடி இப்படித் திசைமாறியதாக அக்டோபர் மாதம் செய்திகள் வெளியாயின. மும்பைக் காவல்துறையின் இணையக்குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது.

அந்த முகவரியைப் பார்த்தும் கவனிக்காமல் விட்டவரை அறிவிலி என்று சொல்வது எளிது, அநியாயமும் கூட. பழகிய சொல்லை நாம் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. முதலெழுத்தும் கடைசி எழுத்தும் இடத்தில் இருந்து, நடுவெழுத்துகள் மட்டும் இடம் மாறினால், வாசிப்பவர் பெரும்பாலும் சரியான சொல்லையே 'காண்கிறார்'. உளமொழியியலில் நன்கு நிறுவப்பட்ட உண்மை இது. வேகமாக வாசிக்க உதவும் திறனே இங்கே ஓட்டையாகிறது. போலியைச் செய்தவர் மூளையின் பழக்கத்தை அறிந்தே எழுத்தை மாற்றினார் என்று சொல்ல வேண்டியதில்லை. பலமுறை முயன்று, எது அகப்படாமல் போகிறது என்று கண்டிருப்பார்.

இன்னொரு பக்கத்தில் மின்னஞ்சலின் பிறப்பிலேயே ஒரு குறை உண்டு. 1982இல் வகுக்கப்பட்ட அதன் அடிப்படை விதிமுறையில், அனுப்புநர் இவர்தாம் என்று உறுதிசெய்யும் ஏற்பாடு எதுவும் இல்லை. அஞ்சலட்டையின் மூலையில் யாருடைய பெயரையும் எழுதலாம் என்பதைப் போல. இக்குறையைத் தீர்க்க எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய மூன்று காவல்கள் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவை ஒருவருடைய களப்பெயரை இன்னொருவர் திருடிப் பயன்படுத்துவதைத் தடுக்கும். எழுத்து மாறிய களப்பெயரோ திருட்டே அன்று; அது காசு கொடுத்து முறையாகப் பதிவுசெய்யப்பட்ட, தனக்குத்தானே உரிமையான களப்பெயர். அதிலிருந்து வரும் அஞ்சல் மூன்று காவலையும் கடந்து நேர்மையாக உள்ளே வந்துவிடும்.

இந்தியாவைப் பொறுத்தவரை, அஞ்சலைவிடவும் வங்கியில் நிகழ்ந்த ஒரு மாற்றமே இந்த மோசடிக்கு இடம் அமைத்துக் கொடுத்தது. பெறுபவரின் பெயரைப் பார்க்காமல், கணக்கு எண்ணை மட்டும் கொண்டு பணத்தை வரவு வைக்கலாம் என்று 2010 அக்டோபர் 14ஆம் நாள் இந்திய ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. கணக்கு எண்ணைச் சரியாகக் கொடுக்கும் பொறுப்பு அனுப்புபவருடையது. இதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஒரே மனிதரின் பெயர் இந்நாட்டில் பத்து வகையாக எழுதப்படும்; தலைப்பெழுத்து முன்னே வரும், பின்னே வரும்; எழுத்துக்கூட்டல் மாறும். பெயரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் மின்னணுப் பரிமாற்றம் நகராது. வேகத்துக்காகக் கொடுத்த விலை என்னவென்றால், 'சூரத்திலுள்ள இன்ன நிறுவனம்' என்று எழுதி, கணக்கு எண் மட்டும் வேறொருவருடையதாக இருந்தாலும் பணம் அந்த வேறொருவரிடம் போய்ச் சேரும். ஷாஹ் ஜோக் உண்டியலில் எல்லாவற்றுக்கும் மேலாக இருந்த ஆள், மின்னணுப் பரிமாற்றத்தில் அலங்காரமாகிவிட்டார்.

அந்த இடைவெளி ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் நீடித்தது. ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் வழியாகப் பணம் அனுப்புபவர், பெறுபவரின் கணக்குப் பெயரை முன்கூட்டியே திரையில் காணும் வசதியை 2025 ஏப்ரல் 1ஆம் நாளுக்குள் வங்கிகள் தர வேண்டும் என்று 2024 டிசம்பர் இறுதியில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. தேநீர்க்கடையில் பத்து ரூபாய் அனுப்பும்போது யு.பி.ஐ. காட்டும் பெயரை, பத்துக் கோடி அனுப்பும் கணக்காளர் அதுவரை உறுதியாகக் காண வழியில்லாமல் இருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பெயர் தெரிந்தால் போதுமா? போதாது. லிதுவேனியா நாட்டு எவால்தாஸ் ரிமசௌஸ்காஸ் என்பவரின் வழக்கு அதற்குச் சான்று. கூகுள், ஃபேஸ்புக் ஆகிய இரு நிறுவனங்களும் தைவானின் குவான்டா கம்ப்யூட்டரிடமிருந்து உண்மையாகவே வன்பொருள் வாங்கிவந்தன. ரிமசௌஸ்காஸ் லாட்வியாவில் அதே பெயரில் ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்தார். அந்தப் பெயரிலேயே வங்கிக் கணக்குகளைத் திறந்தார். போலி இன்வாய்ஸ்களையும், ஒப்பந்தங்களையும், முத்திரையிட்ட கடிதங்களையும் உருவாக்கி அனுப்பினார். 2013 முதல் 2015 வரை இரு நிறுவனங்களும் சேர்ந்து 12 கோடி டாலருக்கும் மேல் அனுப்பின. 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. உலகின் மின்னஞ்சலில் பெரும்பகுதியை நடத்தும் நிறுவனமே மின்னஞ்சலில் வந்த இன்வாய்ஸை நம்பியது என்பது பழிப்பதற்கான செய்தியன்று. திரையில் கணக்குப் பெயர் தெரிந்திருந்தாலும் அங்கே சரியான பெயர்தான் தெரிந்திருக்கும். நிறுவனங்களைக் குறிவைக்கும் மின்னஞ்சல் மோசடிகளால் 2013 அக்டோபர் முதல் 2023 டிசம்பர் வரை உலகளவில் இழந்ததும் இழக்கவிருந்ததுமாக 5,500 கோடி டாலர் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கணக்கிட்டிருக்கிறது.

இந்தியாவில் 'போலி பில்' என்றவுடன் பெரும்பாலோருக்கு ஜி.எஸ்.டி. நினைவுக்கு வரும். சரக்கே போகாமல் பில் மட்டும் போட்டு, உள்ளீட்டு வரிக் கழிவை அள்ளும் மோசடி அது. அங்கே கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பில் பொய் என்று தெரியும், ஏமாறுவது அரசு. இதுவேறு, அதுவேறு. ஆனால் அதைத் தடுக்க வந்த மின்பட்டியல் முறையைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் ரூ.500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 2023 ஆகஸ்ட் முதல் ரூ.5 கோடிக்கு மேற்பட்டவர்கள் வரை அது கட்டாயமாயிற்று. ஒவ்வொரு பில்லுக்கும் 64 குறிகள் கொண்ட தனியெண்; மின்கையொப்பமிட்ட க்யூஆர் குறி. விற்பவர், வாங்குபவர், பில் எண், நாள், தொகை எல்லாம் அதில் உறுதியாகின்றன. புல்லாவின் பழைய முத்திரை திரும்பி வந்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் அந்தக் குறி உறுதிசெய்யும் செய்திகளில் வங்கிக் கணக்கு எண் இல்லை. ஆகவே உண்மையான பில்லை எடுத்து, க்யூஆர் குறியைத் தொடாமல், அடியில் இருக்கும் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பினால், குறியைச் சோதிக்கும் செயலி 'சரி' என்றே சொல்லும்.

இதுவே இன்றைய மோசடியில் மிகக் கொடியது. திருடர் முதலில் விற்பவரின் அல்லது வாங்குபவரின் அஞ்சல் பெட்டிக்குள் கடவுச்சொல்லைத் திருடி நுழைகிறார். வாரக்கணக்கில் ஓசையின்றிப் படிக்கிறார். யார் யாருக்கு எப்போது பில் அனுப்புவார், யார் ஒப்புதல் தருவார், எந்த வாக்கியத்தில் நலம் விசாரிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உண்மையான பில் புறப்படும் நாளில், அதே உரையாடலின் தொடர்ச்சியாக அவருடைய பில்லும் புறப்படுகிறது. 'தணிக்கை நடப்பதால் பழைய கணக்கைப் பயன்படுத்த வேண்டாம்' என்ற ஒரு வரி மட்டும் கூடுதலாக இருக்கும்.

மற்ற இரு வகைகள் இவ்வளவு நுணுக்கமானவை அல்ல. கேட்காத சேவைக்கு வரும் பட்டியல் ஒன்று: களப்பெயர்ப் புதுப்பிப்பு, தொழில் விவரக்கோவையில் பெயர்ச் சேர்ப்பு, வணிகக்குறிப் பதிவு என்று அரசுத் தாளைப் போன்ற தோற்றத்தில் சிறிய தொகை கேட்டு வரும். காப்புரிமை விண்ணப்பதாரர்களுக்கு இப்படி வரும் போலிப் பட்டியல்களின் மாதிரிகளை உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பே தொகுத்து வெளியிட்டு எச்சரிக்கிறது. தொகை சிறிதாக இருப்பதுதான் அதன் தந்திரம். சிறு தொகைக்கு யாரும் கோப்பைத் தேட மாட்டார்கள்.

மற்றொன்றில் பணமே கேட்பதில்லை. 'உங்கள் வைரஸ் தடுப்பு மென்பொருளின் சந்தா புதுப்பிக்கப்பட்டது, தொகை எடுக்கப்படுகிறது, நீங்கள் செய்யவில்லையெனில் இந்த எண்ணை அழைக்கவும்' என்று இன்வாய்ஸ் வரும். பதறி அழைப்பவரிடம் கணினியின் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்வார்கள். பேபால் போன்ற நிறுவனங்களின் உண்மையான இன்வாய்ஸ் அனுப்பும் வசதியையே பயன்படுத்தி, குறிப்புப் பகுதியில் தங்கள் தொலைபேசி எண்ணை எழுதி அனுப்புபவர்களும் உண்டு. அப்போது அஞ்சல் வந்த முகவரியும் உண்மையானதாகவே இருக்கும். இந்த எண்களின் மறுமுனையில் பேசியவர்களில் பலர் இந்திய நகரங்களின் அழைப்பு மையங்களில் இருந்தார்கள் என்பதையும் மறைக்கலாகாது. தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் வெளிநாட்டு முதியவர்களை ஏமாற்றியதாக மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் அளித்த புகார்களையும் உள்ளடக்கி, 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை 'ஆபரேஷன் சக்ரா 2' என்ற பெயரில் நாட்டின் 76 இடங்களில் சோதனை நடத்தியது. ஏமாற்றப்பட்ட நாடு என்று மட்டும் இந்த வரலாற்றை எழுத முடியாது.

போலியை எப்படி அறிவது என்ற கேள்விக்குப் பழைய கையேடுகள் சொன்ன முதல் விடை, மொழிப்பிழையைப் பாருங்கள் என்பது. அந்த அடையாளம் காலாவதியாகிவிட்டது. 2022 இறுதியிலிருந்து எவரும் எந்த மொழியிலும் பிழையற்ற வணிகக் கடிதத்தை நொடியில் எழுதுவித்துக்கொள்ள முடிகிறது. உண்மையான சிறுவணிகரின் அஞ்சலில்தான் இப்போது பிழை மிகுதி. எழுத்துமொழியின் செம்மையை நேர்மையின் அடையாளமாகக் கொள்வது எப்போதுமே ஐயத்திற்குரிய வழக்கம்தான். இப்போது அது ஆபத்தும் கூட.

நிலைத்து நிற்கும் அடையாளங்கள் சில உண்டு. வங்கிக் கணக்கு மாறியதாகச் சொல்லும் எந்த அஞ்சலும், அது யாரிடமிருந்து வந்தாலும், ஐயத்திற்குரியது. அவசரம், இரகசியம் என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் ஐயம் இருமடங்கு. 'கூட்டத்தில் இருக்கிறேன், அழைக்க வேண்டாம்' என்னும் வரி வழக்கமான துணை. பதில் எழுதும்போது மட்டும் வேறு முகவரி தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சரக்கு வந்த நகரம் ஒன்று, வங்கிக் கிளை தொடர்பேயில்லாத மாநிலத்தில் என்றால் நிற்க வேண்டும். உள்நாட்டு பில் எனில் ஜி.எஸ்.டி. எண்ணின் 15 குறிகளையும் படிக்கலாம்: முதலிரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து அந்த நிறுவனத்தின் பான் எண். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் பதிவுபெற்ற பெயர் தெரியும். கேட்காத சேவைக்கான பில்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனையிலேயே உதிர்ந்துவிடும். கொள்முதல் ஆணை, சரக்கு வரவுச் சீட்டு, பில் ஆகிய மூன்றையும் ஒப்பிடும் பழைய கணக்கு வழக்கம் மீதியைப் பிடிக்கும்.

கணக்கு எண் மாற்றத்தை மட்டும் இவை எவையும் பிடிக்கமாட்டா. அதற்கு உண்டியல் காலத்துத் தனிக்கடிதமே வழி: தாள் வந்த பாதையல்லாத வேறொரு பாதை. புதிய கணக்கைச் சொல்லும் அஞ்சலுக்கு அதே அஞ்சலில் பதில் எழுதிக் கேட்டால், திருடரே 'ஆம், சரிதான்' என்பார். முன்பே பேசிப் பழகிய எண்ணில், குரல் தெரிந்த ஒருவரை அழைத்துக் கேட்க வேண்டும்.

பணம் போன பிறகு தெரியவந்தால், வெட்கப்பட்டு மேலதிகாரியிடம் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை இன்னொரு கணக்குக்கு நகர்த்துகிறது. அடுத்தவர் பெயரில் வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியே அது மணிக்கணக்கில் சிதறிவிடும். முதலில் வங்கியிடம் எழுத்து மூலமாகப் பரிமாற்றத்தை நிறுத்தவும் திரும்பப் பெறவும் கேட்க வேண்டும். உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, தேசிய இணையக்குற்றப் புகார்த் தளத்தில் பதிய வேண்டும். பணம் இன்னும் ஏதேனும் ஒரு கணக்கில் இருந்தால் அதை முடக்கிவைக்கும் ஏற்பாடு 2021 முதல் இருக்கிறது. வந்த அஞ்சலை அழிக்கக் கூடாது. அதன் முழுத் தலைப்பு விவரங்களே சான்று. அஞ்சல் பெட்டியின் அமைப்புகளில், சில அஞ்சல்களைத் தானாக வேறிடம் அனுப்பும் விதி ஏதேனும் முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அந்த விதி வேலை செய்துகொண்டே இருக்கும். உண்மையான விற்பனையாளருக்கும் சொல்ல வேண்டும். உடைந்தது அவருடைய பெட்டியாகவும் இருக்கலாம்.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், கணினி வழி ஆள்மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. இழந்த பணத்துக்கு அது விடையாகாது. வாடிக்கையாளரின் பொறுப்பைக் குறைக்கும் ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதிகள், அவர் அறியாமல் நிகழ்ந்த பரிமாற்றங்களைப் பற்றியவை. இங்கேயோ கணக்காளரே தம் கையால் எண்ணை இட்டு, தம் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி.யையும் இட்டு அனுப்பியிருக்கிறார். பொறுப்பு முழுவதும் கடைசியாக விசையை அழுத்தியவர்மேல் வந்து நிற்கிறது. அவர் பெரும்பாலும் அலுவலகத்திலேயே குறைந்த சம்பளம் வாங்குபவர்; மேலிருந்து வந்த 'உடனே அனுப்பு' என்ற அஞ்சலைக் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு எழுத்தில் தரப்பட்டிருக்காது. ஷாஹ் ஏற்ற பொறுப்பை இன்று சுமப்பவர் அவரே. ஷாஹுக்கு இருந்த மறுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

அண்மைக்காலமாகச் சில நிறுவனங்கள் தங்கள் பில்களின் அடியில் ஒரு வரி அச்சிடுகின்றன: எங்கள் வங்கிக் கணக்கு மாறாது, மாறியதாகச் செய்தி வந்தால் இந்த எண்ணை அழைத்துக் கேட்கவும் என்று. பக்கத்தில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். கணக்கு எண்ணைத் திருத்தத் தெரிந்தவருக்கு அந்தத் தொலைபேசி எண்ணைத் திருத்தவும் தெரியும். அழைக்க வேண்டிய எண் பில்லில் இருப்பதன்று. பில் வருவதற்கு முன்பே அலுவலகப் பேரேட்டில் எழுதி வைத்தது.